18 மாதத்துக்கு ஒரு வீடு: காரைக்குடிப் பக்கம் பழைய வளவு வீடா, புதிய மாடி வீடா?

காரைக்குடிக்குக் குடிவரும்போதே, இங்கே இருக்கப்போவது 18 மாதம்தான் என்பது எங்களுக்குத் தெரியும். என் மனைவிக்குக் கிடைத்த ஆய்வுப் பணியின் காலம் நியமன ஆணையிலேயே எழுதியிருந்தது. மூட்டுவலியோடு நடமாடும் என் அம்மா, இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள், நாங்கள் இருவர் என வீட்டில் நான்கு பேர். சொந்த ஊர் வீட்டில் தம்பி குடும்பம் இருப்பதால் அங்கிருந்து கட்டிலையோ பீரோவையோ கிளப்பிக்கொண்டு வர மனம் வரவில்லை. துணிமணி, கொஞ்சம் பாத்திரம், மகளின் புத்தகங்கள் இவை மட்டுமே எங்களோடு வந்தன. முன்பணமும் முதல் மாத வாடகையும் போக, வீட்டை வசதியாக்கிக்கொள்வதற்கென்று எடுத்து வைத்திருந்த தொகை 30,000 ரூபாய். அந்தத் தொகைக்குள் எந்த வீட்டை எடுப்பது, எதை வாங்குவது, எதை வாங்காமலே சமாளிப்பது என்று நாங்கள் ஒப்பிட்டுப் பார்த்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

ஓராண்டு, ஈராண்டு என்று கணக்கு வைத்துக்கொண்டு இவ்வூருக்கு வருகிறவர்கள் குறைவல்லர். வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947இல் தொடங்கிய கல்லூரியும், அதிலிருந்து வளர்ந்து 1985இல் உருவான பல்கலைக்கழகமும், அவர் கொடுத்த நிலத்தில் எழுந்து 1953இல் திறக்கப்பட்ட சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆய்வகமும் படிக்கவும் ஆராயவும் ஆட்களை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. தங்கள் பழைய வீட்டை மராமத்துப் பார்ப்பதற்காக ஓராண்டு வேறிடத்தில் குடியிருப்பவர்களும் உண்டு. இவர்களில் பலர், "எப்படியும் காலி செய்யப் போகிற வீடுதானே" என்று ஒன்றுமே வாங்காமல், தரையில் ஒரு பாயை விரித்து, அட்டைப் பெட்டியிலிருந்தே துணியை எடுத்து உடுத்திக்கொண்டு நாட்களைத் தள்ளிவிடுகிறார்கள். அந்த மனநிலையை நான் ஏற்பதில்லை. 18 மாதம் என்பது ஏறத்தாழ 550 இரவுகள். என் மகளுக்கோ அது அவள் இதுவரை வாழ்ந்த காலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அதைச் சத்திரத்தில் தங்குவதுபோலக் கழிக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்றே நினைத்தேன்.

ஆனால் சொந்த வீட்டுக்குச் செலவு செய்வதுபோலவும் செய்துவிட முடியாது. ஆகவே ஒவ்வொரு செலவையும், காலி செய்யும் நாளை மனத்தில் வைத்து மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். எங்களோடு கூடவே வரக்கூடியது ஒன்று; விற்றால் ஓரளவாவது பணமாகத் திரும்புவது இன்னொன்று; சுவரோடும் தரையோடும் நின்று வீட்டுக்காரருக்கே போய்விடுவது மூன்றாவது. மூன்றாம் வகைக்கு ஒரு ரூபாய்கூடக் கூடாது என்பதில்லை, அது கடைசியில்தான் வர வேண்டும். இதோடு இன்னோர் அளவையும் வைத்துக்கொண்டோம்: நாங்கள் சேர்க்கும் சாமான் முழுவதும் ஒரே நடையில் ஒரு குட்டியானை வண்டியில் அடங்கிவிட வேண்டும். இரண்டாம் நடை என்றால், மலிவாக வாங்கியதாக நினைத்த சாமானுக்கு வண்டிக்கூலி வேறு சேர்ந்துகொள்கிறது.

முதலில் வீடு

வசதி என்றதும் கட்டில், மெத்தை, திரைச்சீலை என்றுதான் நினைப்பு ஓடுகிறது. உண்மையில் 30,000 ரூபாயின் தலையெழுத்தை நிர்ணயிப்பது வீடுதான். வீடு வெயிலைத் தாங்கவில்லை என்றால் கைப்பணத்தில் பாதி அதை எதிர்த்துப் போராடுவதிலேயே போய்விடும். எங்கள் முன்னால் இரண்டு வீடுகள் இருந்தன. மாதக் கணக்கில் அறை தரும் விடுதி என்ற மூன்றாவது வழியையும் கேட்டுப் பார்த்தோம். சமையலுக்கு இடமில்லாததால் அன்றே கைவிட்டோம். தனியாளாக ஆறு மாதத்துக்கு வருபவருக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம்.

இரண்டு வீடுகளில் ஒன்று செக்காலைப் பக்கம், முதல் மாடியில் இரண்டு அறையும் கூடமும் கொண்ட புதிய கான்கிரீட் வீடு. வாடகை 8,500 ரூபாய். மற்றொன்று காரைக்குடியை அடுத்த கோட்டையூரில், ஒரு பழைய நகரத்தார் வீட்டின் இரண்டாம் கட்டு, அதாவது உள்ளே இரண்டாவதாக வரும் பகுதி. வாடகை 7,000 ரூபாய். இரண்டையும் ஏப்ரல் மாதத்தில், பகல் இரண்டு மணிக்கு ஒரு முறையும் இரவு ஒன்பது மணிக்கு ஒரு முறையும் போய்ப் பார்த்தோம். கோடையில் வீடு தேடுகிற எவருக்கும் இதையே சொல்வேன்: தரகர் அழைத்துப்போகிற காலை வேளையில் எல்லா வீடும் குளுமையாகத்தான் இருக்கும்.

பகலில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருப்பதாகத் தோன்றவில்லை. இரவு ஒன்பது மணிக்குத்தான் விளங்கியது. மாடி வீட்டின் படுக்கையறைச் சுவரில் உள்ளங்கையை வைத்தால், சற்றுமுன் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைப்போலச் சூடு தங்கியிருந்தது. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம், இரவில் அதை அறைக்குள் இறக்குகிறது. மின்விசிறி அந்தச் சூட்டையே சுற்றிச்சுற்றித் தள்ளுகிறது. கோட்டையூர் வீட்டிலோ சுவர் ஒரு முழத்துக்குமேல் கனம், கூரை உயரம், நடுவில் வானம் பார்த்த முற்றம். சூடான காற்று மேலேறி முற்றத்தின் வழியே வெளியே போய்விடுகிறது. என் அம்மா செருப்பைக் கழற்றி ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் காலை வைத்தவுடன், எதுவும் பேசாமல் தூணில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். வீட்டைப் பற்றிய அவர்களது கருத்து அதுதான்.

ஆயினும் உட்கார்ந்த சுகத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கவில்லை. பழைய வீட்டின் குறைகளும் கண்ணுக்குத் தெரிந்தே இருந்தன. கழிப்பறை பின்கட்டுக்கும் அப்பால், முப்பது அடி தூரத்தில் இருந்தது. அறைக்கு அறை நிலைப்படி உயரமாக இருந்ததால் அம்மா ஒவ்வொரு வாசலிலும் நிலையைப் பிடித்துக்கொண்டுதான் காலைத் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. ஓட்டுக்கூரையில் இரண்டு இடங்களில் ஒழுகிய தடம் இருந்தது. மாடத்தில் வௌவால் எச்சம் கிடந்தது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் முற்றத்துச் சாரல் எவ்வளவு தூரம் தெறிக்கும் என்பதை வெயில் காலத்தில் பார்த்துச் சொல்ல முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது உரிமை பற்றிய கேள்வி. இத்தகைய வீடுகள் பெரும்பாலும் ஒருவருக்கு மட்டும் சொந்தமானவை அல்ல; வளவு எனப்படும் முற்றத்தையும் தாழ்வாரத்தையும் சுற்றியுள்ள அறைகள் பங்காளிகளுக்குப் புள்ளிவாரியாக, அதாவது மணமான குடும்பம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பிரிந்திருக்கும், வளவும் முகப்பும் பொதுவில் இருக்கும். ஊரிலே இருந்து வீட்டைப் பார்த்துக்கொண்ட ஆச்சி, நாங்கள் கேட்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிட்டார்கள்.

"கல்யாணம், படைப்புன்னா எல்லாரும் வந்துருவாக தம்பி. அந்த நாலஞ்சு நாள் வளவை ஒழிச்சுத் தரணும். பத்து நாளைக்கு முன்னாலயே சொல்லிப்புடுவேன். சம்மதமாயிருந்தா எடுத்துக்கங்க."

அந்த நேர்மை எங்களுக்குப் பிடித்திருந்தது. (படைப்பு என்பது முன்னோருக்குப் படையலிடும் குடும்ப வழிபாடு.) மற்றப் பங்காளிகளின் சம்மதக் கடிதத்தை ஆச்சி வாங்கித் தந்தார்கள். வளவை ஒழித்துத் தரும் நிபந்தனையையும் வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டோம். தமிழ்நாட்டில் 2017இல் இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதைப் பதிவும் செய்ய வேண்டும். தனியாக வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தாலொழிய முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. குறுகிய காலக் குடித்தனம்தானே என்று வாய்ப்பேச்சோடு விட்டுவிடுகிறவர்களே, காலி செய்யும்போது முன்பணத்துக்காக அலைகிறார்கள்.

பிறகு இரண்டு வீட்டின் குறைகளையும் பணமாக்கிப் பார்த்தோம். மாடி வீட்டை இரவில் தூங்கத் தக்கதாக்க, ஏர்கூலர் ஒன்றுக்கு 8,000 ரூபாய், மொட்டைமாடித் தளத்துக்கு இரண்டு பூச்சு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கக் கூலியோடு 1,500 ரூபாய், மேற்குச் சன்னல்களுக்குத் தடித்த திரை 2,500 ரூபாய் என 12,000 ரூபாய் தேவைப்பட்டது. இதில் சுண்ணாம்பு அங்கேயே நின்றுவிடும். திரை அடுத்த வீட்டுச் சன்னலுக்குப் பொருந்துமா என்பது சந்தேகம். பழைய வீட்டுக்கோ, அம்மாவின் இரவுத் தேவைக்கு ஒரு மடக்குக் கமோடு நாற்காலி 1,900 ரூபாய், கொசுவலைக்கும் திரைத்துணிக்கும் 1,900 ரூபாய், பின்கட்டு வழியில் வெளிச்சத்துக்கு 650 ரூபாய் என 4,450 ரூபாய் போதும் என்று கணக்கு வந்தது. இந்த மூன்றுமே எங்களோடு வரக்கூடியவை. ஒழுகலை ஆச்சியே ஆள் வைத்து ஓடு மாற்றித் தந்தார்கள். மாதம் 1,500 ரூபாய் வாடகை வேறுபாடு 18 மாதத்தில் 27,000 ரூபாயாகிறது. மனைவி தினமும் காரைக்குடிக்குப் போய்வரும் பெட்ரோல் செலவு அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடும் என்றாலும், மிச்சம் மிச்சம்தான்.

நாங்கள் கோட்டையூரைத் தேர்ந்தோம். இதை எல்லாருக்குமான விடையாகச் சொல்லவில்லை. கணவன் மனைவி இருவருமே பகலில் வேலைக்குப் போகிறவர்கள், வீட்டில் முதியவர் இல்லை, ஐப்பசியில் வந்து பங்குனிக்குள் கிளம்பிவிடுவோம் என்றால் மாடி வீடே நல்லது. கோடையை அவர்கள் சந்திக்கப் போவதில்லை. கழிப்பறை உள்ளேயே இருக்கும். பூட்டிவிட்டுக் கிளம்பினால் மனம் நிம்மதியாக இருக்கும். பழைய வீட்டைப் பகலெல்லாம் பூட்டி வைத்தால் வௌவாலும் புழுதியும் மறுபடி குடியேறிவிடும். ஆள் புழங்கினால்தான் அது வீடு.

தூக்கத்துக்கு எவ்வளவு

வீட்டுக்குள் வந்த பிறகு, மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தூக்கத்துக்கே ஒதுக்கினோம். சோபா இல்லாமல் 18 மாதம் இருந்துவிடலாம். தூக்கம் கெட்டால் மறுநாள் வேலையும் கெடும், வீட்டில் பேச்சும் கெடும்.

கட்டிலில் தொடங்குகிறேன். புதிய மரக்கட்டில் ஒன்று 9,000 ரூபாய் சொன்னார்கள். காலி செய்யும்போது விற்றால் 3,000 ரூபாய் கிடைத்தால் பெரிது. ஆக இழப்பு 6,000 ரூபாய், அதாவது மாதத்துக்கு 333 ரூபாய். நைலான் நாடா பின்னிய மடக்குக் கட்டில் 2,800 ரூபாய். திரும்ப 1,200 ரூபாய்க்காவது போகும் என்பதால் மாதத்துக்கு 90 ரூபாய்தான் ஆகிறது, அதோடு சுவரோரம் மடக்கி நிறுத்தினால் வளவை ஒழித்துத் தருவதும் எளிது. தரையிலிருந்து எழ முடியாத அம்மாவுக்கு மட்டும் அதை வாங்கினோம். பழைய கயிற்றுக் கட்டில் இன்னும் மலிவு. ஆனால் கயிறு தொய்ந்து நடுவில் குழி விழுவதால் இடுப்புவலிக்காரர்களுக்கு ஆகாது, மாதம் ஒரு முறை இழுத்துக் கட்ட வீட்டில் ஆளும் வேண்டும். நாங்கள் மூவரும் தரையில் படுத்தோம். ஆத்தங்குடிக் கல்லின் குளுமை கோடையில் வரம். மார்கழியில் அதே குளுமை முதுகில் ஏறும் என்பதால் கோரைப்பாயை இரண்டாக விரித்து அதன்மேல் மெத்தை போட்டோம்.

மெத்தையில் மூன்று வகைகளைப் பார்த்தோம். பஞ்சு போன்ற ஃபோம் மெத்தை மலிவாகவும் எடை குறைவாகவும் இருக்கிறது. ஆனால் விலை குறைந்தவை ஓராண்டுக்குள் அமுங்கிவிடுகின்றன, உடம்பின் சூட்டையும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. தென்னைநார் மெத்தை கெட்டியானது; அம்மாவின் கட்டிலுக்கு அதையே 3,600 ரூபாய்க்கு வாங்கினோம், இன்றுவரை குறையில்லை. எங்கள் மூவருக்கும் இலவம்பஞ்சு மெத்தை.

இலவம்பஞ்சைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தற்காலிக வீட்டுக்கு அதைப்போலப் பொருந்துவது வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். மெத்தை தைப்பவரின் கடைவாசலில் நின்று அதைச் செய்வித்தோம். கோடுபோட்ட தடித்த உறையைத் தைத்து, ஒரு வாய் மட்டும் விட்டு, பஞ்சை எடை போட்டு அதன் வழியே கைகொண்டு மூலைமூலையாகத் திணித்தார். காற்றில் பறந்த பஞ்சு அவர் புருவத்தில் வெண்மையாக ஒட்டிக்கொண்டது. பிறகு வாயை மூடி, நீண்ட ஊசியால் மேலிருந்து கீழாக இடம்விட்டு இடம் தையல் போட்டு, ஒவ்வொரு தையலையும் குஞ்சம் வைத்து இறுக்கினார். பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்காமல் இருக்க அந்தத் தையல்தான் காவல். மெத்தைக்கும் தலையணைகளுக்கும் கூலி சேர்த்து 3,200 ரூபாய் ஆனது. அது சூட்டைப் பிடித்து வைப்பதில்லை. மாதத்துக்கு இரண்டு முறை முற்றத்து வெயிலில் போட்டு, பிரம்பால் தட்டித் திருப்பினால் புதிதுபோல எழும்பிவிடும். கட்டியாகிப் போனாலும் தூக்கி எறிய வேண்டியதில்லை. உறையைப் பிரித்துப் பஞ்சைக் கடைந்து மறுபடி அடைத்துக்கொள்ளலாம். அதன் ஒரே பகை ஈரம். அடைமழைக் காலத்தில் சுவரோரமாகப் போடாதீர்கள். சுருட்டி, பரண்மேலோ பெட்டிமேலோ உயரத்தில் வையுங்கள்.

காற்றுக்கு வருகிறேன். பழைய வீட்டின் கூரை உயரம் குளுமைக்கு உதவுகிறதே தவிர, மின்விசிறிக்கு உதவுவதில்லை. வழக்கமான குட்டைக் கம்பியில் மாட்டினால் காற்று மேலேயே சுழன்றுவிட்டுப் போகிறது. நீளமான கம்பி ஒன்றை 250 ரூபாய்க்கு வாங்கி, விசிறியைத் தரையிலிருந்து ஒன்பதடி உயரத்துக்கு இறக்கிய பிறகுதான் படுத்தவர்மேல் காற்றுப் பட்டது. சாதாரண விசிறி 75 வாட் இழுக்கும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. விசிறி முழு வேகத்திலும் 30 வாட்டுக்கு அருகில்தான் இழுக்கும். நாளுக்கு 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் முன்னதற்கு 72 யூனிட், பின்னதற்கு 29 யூனிட். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லை என்பதால், ஒரு விசிறியின் தேர்வே நாம் அந்தக் கோட்டுக்கு உள்ளே நிற்பதையும் வெளியே போவதையும் முடிவு செய்கிறது. விலை ஆயிரம் ரூபாய் கூடுதல்தான், கழற்றிக்கொண்டும் போகலாம். 2,900 ரூபாய்க்கு ஒன்றை வாங்கினோம். அதோடு வளவில் வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்ள, சாதாரண நிற்கும் விசிறி ஒன்று 2,400 ரூபாய்க்கு. குடிபோகும் கட்டுக்குத் தனி மீட்டர் உண்டா என்பதை முன்பே கேட்டுவிடுவது நல்லது. வீட்டுக்காரரோடு பொது மீட்டர் என்றால் இந்தக் கணக்கு எதுவும் பலிக்காது; யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவர் சொல்வதுதான் கட்டணம்.

துணி வைக்க, சாமான் அடுக்க

இதில் நான் ஏற்கெனவே ஒருமுறை பட்டிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் குடியிருந்தபோது, ஒரு கடையில் மரத்தூள் அட்டையில் செய்த அலமாரி ஒன்றை ஆசையாக வாங்கினேன். முதல் மழைக்கே அதன் கால்பகுதி ஊறி உப்பியது. வீடு மாற்றும்போது கழற்றினால் திருகாணி பிடித்த இடமெல்லாம் உதிர்ந்து மாவாகிப்போனது. 6,500 ரூபாயை பழைய சாமான் எடுக்கும் ஆக்கர் கடைக்காரர்கூட வாங்க மறுக்கும் குப்பையாக்கிய வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. தற்காலிக வீட்டுக்கு அந்த வகை அலமாரியை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

அதற்கு மாற்றாக இரும்புப் பீரோவைப் பழையதாக வாங்கலாம். வாங்கிய விலைக்குப் பக்கத்திலேயே விற்கவும் முடியும். எடைதான் சிக்கல், அதுவும் உயரமான நிலைப்படிகளைத் தாண்டி இரண்டாம் கட்டுக்குக் கொண்டுபோக நான்கு பேர் வேண்டும். நாங்கள் தேர்ந்தது தகர ட்ரங்குப் பெட்டிகளை. பழைய சாமான் கடையில் மூன்று பெட்டிகள் 2,700 ரூபாய். இரண்டை அடுக்கி மேலே தடுக்கு விரித்தால் உட்காரும் இடம். மூன்றாவது, மகளுக்கு எழுதும் மேசை. மழையில் ஈரம் ஏறாது, எலி கடிக்காது, காலி செய்யும் நாளில் துணியை எடுத்து வேறெதிலும் அடைக்க வேண்டியதில்லை. மளிகைக்கும் பாத்திரத்துக்கும், நட்டு போல்ட்டு போட்டு முடுக்கும் இரும்பு ஆங்கிள் ரேக் 2,300 ரூபாய்க்கு. பிரித்தால் ஒரு கட்டுக் கம்பியாகிவிடும்.

சுவரில் ஆணி அடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கான்கிரீட் வீட்டில் ஆணி ஓட்டையைப் பூசி மறைத்துவிடலாம். பழைய செட்டிநாட்டுச் சுவர்களில் அப்படியல்ல. கடுக்காய் நீரும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்துப் பூசிய சுண்ணாம்புப் பூச்சு, நூறாண்டு கழித்தும் பளிங்குபோல வழுவழுப்பாக இருப்பதை நீங்களே தடவிப் பார்க்கலாம். ஓர் ஆணி அதில் தட்டு அளவுக்குப் பெயர்த்துவிடும். அதைப் பழையபடி பூசுவதற்குக் கைதேர்ந்த கொத்தனார் எளிதில் கிடைப்பதில்லை. ஒட்டும் கொக்கிகளும் சுண்ணாம்பு அடித்த சுவரில் நிற்காது, பொடியோடு கழன்று விழும். ஆனால் தேவையான எல்லாவற்றையும் அந்த வீட்டைக் கட்டியவர்களே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்: விளக்குக்கு மாடம், சாமானுக்குச் சுவரலமாரி, ஊஞ்சலுக்கு உத்திரத்துக் கொக்கி, தூணுக்குத் தூண் கயிறு கட்ட இடம். உத்திரத்துக் கொக்கிகளிலேயே கொசுவலையைத் தொங்கவிட்டோம். குடியேறிய முதல் வாரம் எதையும் வாங்காமல், வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தால் பாதிச் செலவு தானே குறைந்துவிடும்.

தரையைத் துடைக்க அமிலம் கலந்த திரவங்களைத் தொடவே கூடாது. கண்ணாடிமேல் வண்ணக் குழம்பை ஊற்றி, சிமெண்டும் ஆற்று மணலும் சேர்த்து, கையால் வார்த்த கற்கள் அவை. அமிலம் பட்டால் நிறம் போய்விடும். வெறும் தண்ணீரில் துடைத்து, விசேஷ நாளுக்கு இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும் என்று ஆச்சி சொன்னார்கள். மகளுக்கு அந்த வேலை விளையாட்டாகிவிட்டது.

அடுப்பும் வெளிச்சமும்

சமையலறையில் அதிகம் யோசிக்க எதுவும் இல்லை. எரிவாயு இணைப்பை இவ்வூருக்கு மாற்றும்வரை, அடையாள அட்டையைக் காட்டி வாங்கக்கூடிய 5 கிலோ சிலிண்டர் கைகொடுத்தது. மின் அடுப்பு மலிவானதுதான், ஆனால் 2,000 வாட்டில் ஒரு மணி நேரம் எரிந்தால் இரண்டு யூனிட். மேலே சொன்ன 100 யூனிட் கணக்கோடு அதைச் சேர்த்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். விருந்தினர் வந்தால் பெரிய பாத்திரங்களை வாடகைப் பாத்திரக் கடையில் எடுத்துக்கொள்ளலாம். செட்டிநாட்டில் அதற்குக் குறைவே இல்லை.

வெளிச்சத்தில் மட்டும் நாங்கள் முதலில் தவறு செய்தோம். வளவின் இருட்டைப் போக்குவதாக எண்ணி நீல வெள்ளை ஒளி வீசும் நீளக் குழல்விளக்கைப் போட்டோம். தேக்குத் தூண்களும் சிவப்பும் பச்சையுமான தரையும் மருத்துவமனைக் கூடம்போல வெளிறிப்போயின. அதைப் பின்கட்டு வழிக்கு மாற்றிவிட்டு, மாடங்கள் இரண்டில் மஞ்சள் ஒளி தரும் 9 வாட் எல்.இ.டி. பல்புகளை வைத்தோம். நூறு ரூபாய்ச் செலவு அது. அன்றைக்கு இரவுதான் மகள் முதன்முதலாக, "நம்ம வீடு" என்று சொன்னாள்.

முதலில் கணக்கில் போட்டிருந்தாலும், திரைக்குப் புதுத்துணி எடுக்கவில்லை. அம்மாவிடம் இருந்த பழைய கண்டாங்கிச் சேலை இரண்டை, கட்டங்கள் நிலைக்கு நேராக வரும்படி மடித்துத் தைத்தோம். பருத்தி என்பதால் காற்றைத் தடுக்காது. கரையின் நிறம் மாலை வெயிலில் தரையில் விழும்.

பழைய பொருள் கடைகளின் ஆசை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இருக்கும் பழம்பொருள் கடைகளைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது, ஏனென்றால் இங்கே குடிவருகிற எவரும் ஒருநாள் அங்கே போய் நிற்பார்கள். இடித்த வீடுகளின் கதவு, தூண், பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் தூக்கு, பித்தளைச் செம்பு என்று குவிந்து கிடக்கும். அங்குள்ள தேக்கு அலமாரியைப் பார்த்து என் மனைவி நெடுநேரம் நின்றாள். விலை எங்கள் மொத்தத் தொகையைவிட அதிகம்; அதைக் குட்டியானையில் ஏற்றினால் வேறு சாமானுக்கு இடமும் இருக்காது. வாழ்நாள் முழுவதும் வைத்துக்கொள்ளப் போகிறவர் அதை வாங்கலாம். 18 மாத வீட்டுக்கு அது பொருந்தாது. மாறாக, மூடி சற்றே தெறித்த எனாமல் தூக்கு ஒன்றையும், இரண்டு சாண் உயரமுள்ள மரச்சட்டக் கண்ணாடி ஒன்றையும் பேரம் பேசி 800 ரூபாய்க்கு வாங்கிவந்தோம். சட்டத்தின் பின்பக்கத்தைத் தட்டிப் பார்த்து வாங்குங்கள். மாவுபோலத் தூள் கொட்டினால் உள்ளே பூச்சி இருக்கிறது, அது வீட்டு உத்திரத்துக்கும் ஏறிவிடும். கண்ணாடியை ஆணி அடிக்காமல் சுவரலமாரியின் தட்டிலேயே சாய்த்து வைத்திருக்கிறோம்.

எல்லாம் சேர்த்து 28,500 ரூபாய் ஆனது. மிச்சம் 1,500 ரூபாயைத் திரும்பிப் போகும் வண்டிக்கூலிக்கென்று ஓர் உறையில் போட்டு ட்ரங்குப் பெட்டியின் அடியில் வைத்தோம். குடியேறிய அன்றே ஒவ்வொரு அறையின் சுவரையும் தரையையும், முன்பே இருந்த விரிசல்கள் தெரியும்படிப் படமெடுத்து ஆச்சியின் தொலைபேசிக்கு அனுப்பியிருந்தோம். அவர்களும் பார்த்துவிட்டுச் "சரி" என்று பதில் எழுதினார்கள். தை மாதத்தில் ஒரு படைப்பு வந்தது. சொன்ன சொல் தவறாமல் பத்து நாளைக்கு முன்பே ஆச்சி வந்து சொன்னார்கள். நாடாக் கட்டிலை மடக்கினோம், மெத்தையைச் சுருட்டினோம், பெட்டிகளைப் பின்கட்டுக்குத் தள்ளினோம். ஒரு மணி நேரத்தில் வளவு காலியாகிவிட்டது. கண்டாங்கித் திரையை மட்டும் கழற்ற வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று ஆச்சி சொல்லிவிட்டார்கள்.